ரயில் எவ்வளவு வேகமாகப் போனால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு வருவோம்?

புது மெட்ரோ பாதை, புது ரயில் என்று எந்த அறிவிப்பு வந்தாலும் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் வேகம்?" என்பதுதான். 80 என்றால் பரவாயில்லை, 120 என்றால் சூப்பர், 160 என்றால் தலைப்புச் செய்தி. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விட ஆய்வு செய்யப்போவதாக 2025ஆம் ஆண்டு மாநில பட்ஜெட்டில் அறிவித்தபோது, என்னைச் சுற்றியிருந்தவர்கள் அந்த 160ஐத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் பல வருடமாக தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவன். அந்த அனுபவத்திலும், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்ததிலும் எனக்குப் புரிந்தது என்னவென்றால், ரயில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது பைக்கோடும் காரோடும் அது போடும் போட்டியில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பாலும் ரயில் தோற்பது தண்டவாளத்தில் இல்லை. ரயிலுக்கு வெளியே தோற்கிறது.

என் பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். வீடு சேலையூர் பக்கம், ஆபீஸ் நுங்கம்பாக்கம். காலையில் கதவைப் பூட்டிவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்து, ஷேர் ஆட்டோவோ பஸ்ஸோ எது முதலில் வருகிறதோ அதில் ஏறி, தாம்பரம் ஸ்டேஷன் கிழக்கு வாசலில் இறங்கி, படியேறி பிளாட்பாரத்துக்கு வந்து சேர 18 நிமிடம் ஆகிறது. ரயிலுக்குக் காத்திருப்பது 5 நிமிடம். ரயிலுக்குள் 38, 40 நிமிடம். நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆபீசுக்கு நடக்க 12 நிமிடம். மொத்தம் 75 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் பைக்கில் கிளம்பினால் ஜிஎஸ்டி ரோடு, கிண்டி, சைதாப்பேட்டை எல்லாம் தாண்டி 60, 65 நிமிடத்தில் போய்விடலாம். காரில் போனால் 75க்கு மேல், அப்புறம் வண்டியை நிறுத்த இடம் தேடுவது தனி. ஆக, என் வழித்தடத்தில் ரயிலும் காரும் ஏறக்குறைய சமம், பைக் பத்துப் பதினைந்து நிமிடம் முந்துகிறது. இந்தக் கணக்கில் ரயில் ஓடுகிற நேரம் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். மீதிப் பாதியை நான் ரோட்டிலும் படியிலும் பிளாட்பாரத்திலும் செலவிடுகிறேன்.

சரி, ரயிலை இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன ஆகும்? சென்னை மெட்ரோவை வைத்துப் பார்க்கலாம். முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டரில் 32 ஸ்டேஷன்கள் இருந்தன. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் சராசரியாக 1.4 கிலோமீட்டர் வருகிறது, ஸ்டேஷன்கள் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிற இடத்தை நினைத்து 1.2 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். உச்ச வேகம் 80. நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு விநாடிக்கும் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் வேகம் கூடுகிறது, அதே வீதத்தில் பிரேக் போடுகிறது என்றால், 80ஐத் தொட 22 விநாடி, அதிலிருந்து நிற்க 22 விநாடி, நடுவில் முழு வேகத்தில் ஓடுவது 32 விநாடி, கதவு திறந்து மூட 30 விநாடி. மொத்தம் 106 விநாடி. சராசரி மணிக்கு 41 கிலோமீட்டர். வளைவுகளும் மற்றக் கட்டுப்பாடுகளும் இருப்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இப்போது அதே ரயிலின் உச்ச வேகத்தை 120 ஆக்குங்கள். வேகம் எடுக்கவே 33 விநாடி, நிற்க 33 விநாடி, 120இல் ஓடக் கிடைப்பது மூன்றே விநாடி, அதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். கதவு நேரத்தையும் சேர்த்தால் 99 விநாடி. அதாவது உச்ச வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கியதில் ஒரு ஸ்டேஷனுக்கு மிச்சமானது 7 விநாடி! பத்து ஸ்டேஷன் தாண்டிப் போகிறவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதைவிட, கூட்டம் சீக்கிரம் ஏறி இறங்கும்படி செய்து கதவு திறந்திருக்கும் நேரத்தில் பத்து விநாடி குறைத்தால் கிடைக்கிற லாபம் அதிகம். அந்த வேலைக்குப் புது மோட்டார் வேண்டாம், பிளாட்பாரத்தில் வரிசைக் கோடுகளை ஒழுங்காகப் போட்டு, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஏறும் பழக்கம் வந்தால் போதும்.

அப்படியானால் ஸ்டேஷன்களைத் தள்ளித் தள்ளிக் கட்டலாமே என்று தோன்றும். மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால், அதே 80 கிலோமீட்டர் வேக ரயிலின் சராசரி 58க்குப் போய்விடும். டெல்லியிலிருந்து மீரட் போகும் நமோ பாரத் ரயில் 160இல் ஓட முடிவது இதனால்தான். பாதை 82 கிலோமீட்டர், ஸ்டேஷன்களுக்கு இடையே பல கிலோமீட்டர் இடைவெளி. ஆனால் ஊருக்குள் இப்படிச் செய்தால் நடை கூடிவிடும். 1.2 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கிறபோது, பாதையை ஒட்டி வசிக்கிறவர் அதிகபட்சம் 600 மீட்டர், அதாவது ஏழெட்டு நிமிடம் நடந்தால் போதும். மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் அது ஒன்றரைக் கிலோமீட்டர், கிட்டத்தட்ட 19 நிமிடம் ஆகிவிடும். ரயிலுக்குள் மிச்சம் பிடித்ததை ரோட்டில் நடந்தே தொலைக்க வேண்டியதுதான், அதுவும் மே மாத வெயிலில். எனவே 40 கிலோமீட்டர் பயணத்துக்கு நல்லது 10 கிலோமீட்டர் பயணத்துக்கு நல்லதல்ல. மும்பையில் ஃபாஸ்ட் லோக்கல், ஸ்லோ லோக்கல் என்று இரண்டு வகையையும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று, நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்று.

நம் பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல், அப்போது மீட்டர் கேஜ். சுமார் 29 கிலோமீட்டர், 18 ஸ்டேஷன், இன்றைக்கு ஏறக்குறைய 55 நிமிடம். சராசரி 32 கிலோமீட்டர்தான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு பல்லாவரத்திலிருந்து எழும்பூர் வரை சராசரி 32 கிலோமீட்டரில் போகிற காரைக் காட்டுங்கள் பார்க்கலாம். நெரிசல் நேரத்தில் ரோட்டின் வேகம் அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது, ரயில் தான் பாட்டுக்கு அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ஓடுகிற வேகத்தைப் பொறுத்தவரை, நெரிசல் நேரத்தில் இந்தப் பழைய மின்சார ரயிலே காரை ஜெயித்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

தோல்வி எங்கே என்றால், முதலில் காத்திருப்பதில். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்போம், இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் பத்து நிமிடம். இது எல்லாம் சரியாக வந்தால். நம் பஸ்கள் அப்படி வருவதில்லை, ஒன்றுமே வராமல் அரை மணி நேரம் போய், ஒரே நம்பரில் மூன்று பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வரும். இதில் டிரைவர் மேல் தப்பு எதுவும் இல்லை. முதல் பஸ் ஒரு சிக்னலில் கொஞ்சம் தாமதித்தால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடிவிடும், கூட்டத்தை ஏற்ற இன்னும் தாமதமாகும், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆளே இல்லாததால் அது சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சேர்ந்து வரும்போது, அட்டவணைப்படி இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று இருந்தாலும் நிற்கிறவருக்கு அது அரை மணி நேரம்தான். அதோடு இன்னொன்று. நின்றுகொண்டு காத்திருக்கும் ஒரு நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்துக்குச் சமமாக மனதில் படுவதில்லை. போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தை வழக்கமாக ஒன்றரை, இரண்டு மடங்காக எடுத்துக் கணக்கிடுவார்கள். நிழற்குடை இல்லாத ஸ்டாப்பில், கைக்குழந்தையோடு நிற்கிற அம்மாவிடம் கேட்டால் மூன்று மடங்கு என்று சொல்வார்.

இரண்டாவது, வண்டி மாறுவது. ஒவ்வொரு முறை மாறும்போதும் இறங்கி, நடந்து, படியேறி, மறுபடி காத்திருக்க வேண்டும். இதற்குச் சென்னையில் என் கண்ணை உறுத்துகிற உதாரணம், பறக்கும் ரயில் என்று நாம் சொல்கிற மேம்பால ரயில். பீச்சிலிருந்து மயிலாப்பூர் வரை 1997இல் வந்தது, திருவான்மியூர் வரை 2004, வேளச்சேரி வரை 2007. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். அதை அப்போதே போட்டிருந்தால் தாம்பரம் பாதையோடு சேர்ந்திருக்கும். அதில் ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரைக் கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல், தூண்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே பத்தாண்டுக்கும் மேல் வேலை முடங்கிக் கிடந்தது. அந்த அரைக் கிலோமீட்டர் இல்லாததால், குரோம்பேட்டையில் இருந்து தரமணிக்கு வேலைக்குப் போகிற ஒருவருக்கு, இரண்டு பக்கமும் ரயில் பாதை இருந்தும் ரயில் இல்லை என்ற நிலைமை அத்தனை வருடம் இருந்தது. அவர் கிண்டியில் இறங்கி பஸ் பிடிப்பார், அல்லது ஒரு நாள் வெறுத்துப்போய் தவணையில் பைக் வாங்குவார். வாங்கிய பிறகு அவரை மறுபடி ரயிலுக்குக் கொண்டுவருவது மிகவும் கஷ்டம். 160 கிலோமீட்டர் வேக ரயில் மிச்சப்படுத்துவதை விட அந்த அரைக் கிலோமீட்டர் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய மனித நேரம் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவதாக நம்பகத்தன்மையைச் சொல்ல வேண்டும், இதில்தான் ரயிலுக்கு நிஜமான பலம். ஒன்பதரைக்கு ஆபீசில் இருக்க வேண்டும் என்றால் நாம் சராசரி நேரத்தை வைத்துக் கிளம்புவதில்லை, மோசமான நாளை வைத்துத்தான் கிளம்புவோம். காரில் வழக்கமாக 75 நிமிடம் ஆகிறது, மழை பெய்தால் இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், மழைக்காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கிறது. ரயிலில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. பெரு மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிற சில நாட்களைத் தவிர, என் 75 நிமிடம் 85ஐத் தாண்டுவது அபூர்வம். அதோடு, ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அந்த நாற்பது நிமிடம் என்னுடையது. லேடீஸ் பெட்டியில் பூ தொடுத்துக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டு வேலையில் பாதியை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பைக்கில் போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் முழுவதும் ரோட்டுக்குக் கொடுத்தது. உயிர் பயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் 17,000க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் இறந்தார்கள்.

இனி பஸ். இந்த விஷயத்தில் ரயிலைவிட அதிகம் பேச வேண்டியது பஸ்ஸைப் பற்றித்தான், ஏனென்றால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இல்லாத பெரும்பாலான மக்களுக்கு அதுதான் கதி. காரோடும் ஆட்டோவோடும் ஒரே ரோட்டில் கலந்து ஓடுகிற பஸ் காரைவிட வேகமாகப் போகவே முடியாது. கார் மாட்டிக்கொள்கிற எல்லா நெரிசலிலும் பஸ்ஸும் மாட்டிக்கொள்ளும், அதற்கு மேல் ஸ்டாப்புகளிலும் நிற்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் போகும் பஸ் இருபது ஸ்டாப்பில் அரை அரை நிமிடம் நின்றால் அங்கேயே பத்து நிமிடம் போய்விட்டது. எனவே பஸ்ஸை வேகப்படுத்த வேண்டுமானால் அதற்கென்று தனிப் பாதை ஒதுக்குவதுதான் ஒரே பெரிய வழி. ஒரு கணக்குப் போடுவோம். சிக்னல் உள்ள நகர ரோட்டில் ஒரு லேனில் மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கார் போகும் என்று வையுங்கள். காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 1,300 பேர். அதே லேனில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 3,600 பேர். அண்ணா சாலை மாதிரி ஒரு ரோட்டில் நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது பெரிய கற்பனை ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறபோது அந்த லேன் பாதி நேரம் காலியாகக் கிடப்பது போலத் தெரியும், அங்கேதான் அரசியல் சிக்கல் தொடங்குகிறது.

டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு ரோட்டின் நடுவே பஸ் பாதை போட்டார்கள். பக்கத்து லேனில் நிற்கிற கார்க்காரர்களுக்கு அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்கக் கோபம், வழக்குப் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் பஸ் பாதைக்கு ஆதரவாகத்தான் சொன்னது, ஆனாலும் சில ஆண்டுகளில் அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பெங்களூரில் 2019இல் வெளிவட்டச் சாலையில் தடுப்புக் கம்பங்கள் நட்டு பஸ்ஸுக்குத் தனி லேன் கொடுத்தார்கள், பிறகு மெட்ரோ வேலை வந்து அதை விழுங்கிவிட்டது. அகமதாபாத்தில் 2009இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. சென்னையில் இதைப் பற்றிப் பல ஆண்டாகப் பேச்சு உண்டு, ரோட்டில் ஒன்றும் இல்லை. ஒரு கோடிப் பேருக்கு மேல் வசிக்கும் பெருநகரப் பகுதிக்கு மூவாயிரத்துச் சொச்சம் பஸ். அதே பஸ், அதே டிரைவர், அதே டீசலில், இரண்டு மணி நேரம் பிடிக்கும் ஒரு நடையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தால், மூன்று நடை போகிற நேரத்தில் நான்கு நடை போகலாம். புது பஸ் வாங்காமலே கால் பங்குக்கு மேல் பஸ் கூடிய மாதிரி. வேகம் கூடினால் காத்திருப்பும் குறைகிறது, இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும், இவ்வளவு மலிவான விஷயத்தை ஏன் நாம் கையில் எடுக்கவே மாட்டேன் என்கிறோம் என்று.

ரோட்டை அகலப்படுத்தினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1962இலேயே சொன்னார், நகரத்து விரைவுச் சாலையில் நெரிசல் நேரத்துக் கூட்டம் அந்தச் சாலையின் கொள்ளளவு வரை ஏறிக்கொண்டே போகும் என்று. அதை இன்னும் நீட்டி, தாம்சன், மோக்ரிட்ஜ் போன்ற ஆங்கிலேய ஆய்வாளர்கள் லண்டனை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரோட்டில் கார் போகும் நேரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது பக்கத்தில் ஓடும் ரயில்தான்! புரிந்துகொள்வது சுலபம். தாம்பரத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் போக ரயிலில் வீட்டிலிருந்து ஆபீஸ் வரை 75 நிமிடம், காரில் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருந்தும் ரயிலில் போகிற சிலர் காருக்கு மாறுவார்கள், ரோட்டில் கூட்டம் கூடும், 55 என்பது 60, 65 என்று ஏறி 75ஐ நெருங்கும்போதுதான் மாறுவது நிற்கும். 90 ஆகிவிட்டால் சிலர் ரயிலுக்குத் திரும்புவார்கள். ஆக ரோடு ரயிலின் நேரத்தை ஒட்டியே நிற்கும். இப்போது ரோட்டை அகலப்படுத்தினால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் சுகமாக இருக்கும், பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் விலகி வருவார்கள், அங்கே கூட்டம் குறைந்ததும் சர்வீஸைக் குறைப்பார்கள், அதன் 75 நிமிடம் 80 ஆகும், கடைசியில் ரோடும் 80இல் வந்து நிற்கும். கோடிக்கணக்கில் செலவழித்து எல்லோரையும் மெதுவாக்கியிருப்போம். மாறாக ரயிலை 65 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் காரில் போகிறவருக்கும் ரோடு இளகும். கார் ஓட்டுகிறவர்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பணம் ஒதுக்கச் சொல்லிப் போராட வேண்டும் என்று நான் நண்பர்களிடம் சொல்வது இதனால்தான், அவர்கள் நல்லதுக்கே சொல்கிறேன்.

ஆனால் லண்டன் கணக்கு அப்படியே சென்னைக்குப் பொருந்தாது. அங்கே போட்டி காரோடு, இங்கே டூவீலரோடு. பைக் நெரிசலில் சந்து பார்த்துப் புகுந்துவிடும், நிறுத்த இடம் தேட வேண்டாம், வாசலிலிருந்து வாசல் வரை போகும், மாறவோ காத்திருக்கவோ தேவையில்லை. செலவும் பெரிதில்லை. தினம் போக வர 48 கிலோமீட்டர் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோல், நூறு ரூபாய். கார் என்றால் நானூறு ஆகும். மின்சார ரயிலுக்கு ஒரு பக்கம் ஐந்து, பத்து ரூபாய்தான், அதில் சந்தேகமில்லாமல் ரயில் ஜெயிக்கிறது. மெட்ரோவிலோ அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய், ஸ்டேஷனுக்குப் போக ஷேர் ஆட்டோ, இறங்கி இன்னொரு ஆட்டோ என்று சேர்த்தால் பைக் செலவைத் தாண்டிவிடும். இரண்டு பேராக பைக்கில் போனால் போட்டியே இல்லை. ஆகையால் சென்னையில் பொதுப் போக்குவரத்து காரை ஜெயித்தால் மட்டும் போதாது, பைக்கைத் தொட்டுவிடுகிற தூரத்துக்காவது வர வேண்டும்.

எவ்வளவு அருகில் வந்தால் போதும்? இதற்கு சிங்கப்பூர் ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. அங்கே 2008இல் வெளியிட்ட போக்குவரத்துத் திட்டத்தில், பொதுப் போக்குவரத்தில் போகும் நேரம் அப்போது காரில் போகும் நேரத்தைப் போல 1.7 மடங்கு, அதை 2020க்குள் 1.5 மடங்காகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். உலகிலேயே சிறந்த ரயில், பஸ் வசதி உள்ள ஊர்களில் ஒன்று, அவர்களே காரைத் தோற்கடிப்போம் என்று சொல்லவில்லை. 30 நிமிடம் காரில் என்றால் 45 நிமிடத்தில் வந்துவிடுங்கள், அது போதும் என்றார்கள். ஏன் போதும் என்றால் மறுபக்கம் கார் வைத்திருப்பதே அங்கே பெரும் செலவு. கார் வாங்குவதற்கான உரிமச் சான்றிதழே சில ஏலங்களில் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது, கார் விலை அதற்கு மேல். நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வாங்குவதை 1975இலேயே தொடங்கிவிட்டார்கள், 1998இல் அதை மின்னணு முறைக்கு மாற்றினார்கள். ஜப்பானில் நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டாமல் பெரும்பாலான இடங்களில் காரைப் பதிவு செய்ய முடியாது. நம் ஊரிலோ தெருவையே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தி.நகரிலும் அண்ணா நகரிலும் தெருவோரம் வரிசையாக நிற்கும் கார்கள் பஸ் போக வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, பெரும்பாலான தெருக்களில் அந்த இடத்துக்கு வாடகை யாரும் கேட்பதில்லை. பஸ் வேகத்தைப் பற்றிப் பேசும்போது இதைப் பேசாமல் விட முடியாது.

அந்த 1.5 என்ற எண்ணை வைத்துச் சென்னையைப் பார்த்தால் இரண்டு ஊர் தெரியும். என்னைப் போல ரயில் பாதையை ஒட்டி வசித்து, ரயில் பாதையை ஒட்டி வேலை பார்க்கிறவர்களுக்கு, பைக்கோடு ஒப்பிட்டாலே 1.2 மடங்குதான். பரவாயில்லை, தாங்கலாம். ஆனால் அதே சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூரில் ஐடி வேலைக்குப் போகிற என் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கதை வேறு. தூரம் என்னுடையதைவிடக் குறைவு, ஆனால் ரயில் கிடையாது, இரண்டு பஸ், நடுவில் மேடவாக்கத்தில் மாற வேண்டும், பைக்கில் போவதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. நம் ரயில் பாதைகள் எல்லாம் வெளியிலிருந்து கோட்டைப் பக்கம் போகிறபடி போடப்பட்டவை, 1931இல் வேலை எல்லாம் அங்கே இருந்தது. இன்றைக்கு வேலை ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையிலும் போரூரிலும் அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் இருக்கிறது. குறுக்கே போகிறவர்களுக்கு ரயில் இல்லை. ஓஎம்ஆரை 2008இல் ஆறு வழி விரைவுச் சாலையாகத் திறந்து சுங்கமும் வாங்கினார்கள், ஆனால் பீக் ஹவரில் அது எப்படி ஊர்ந்தது என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். மெட்ரோ வேலைக்காக 2021இல் அந்தச் சாலையின் நான்கு சுங்கச் சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று பாதைகள், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மாதவரத்திலிருந்து கோயம்பேடு, வளசரவாக்கம், ஆலந்தூர், பரங்கிமலை, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் 47 கிலோமீட்டர் பாதை. ஊரைச் சுற்றி வளைத்துப் போகிற முதல் பெரிய ரயில் பாதை அது. அதன் உச்ச வேகம் என்ன என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பரங்கிமலையில் மின்சார ரயிலிலிருந்து இறங்கி அந்த மெட்ரோ பிளாட்பாரத்துக்குப் போக எத்தனை நிமிடம், மேடவாக்கம் ஸ்டேஷன் வாசலிலிருந்து உள் தெருக்களுக்குப் போகும் மினி பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, இரவு பத்து மணிக்கும் அது வருமா, இவைதான் கேள்வி.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் 2021இலிருந்து கட்டணம் இல்லை. எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா ஒருவர், இரண்டு டீலக்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டு இலவச பஸ்ஸுக்காக நிற்பார். பைக்கா ரயிலா என்று கணக்குப் போடுகிற வசதியெல்லாம் அவருக்கு இல்லை. பஸ் மெதுவாகப் போனால் நான் பைக்குக்கு மாறிவிடுவேன், அவர் மாற முடியாது, அந்த நேரத்தை அவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பஸ் லேன் போட்டால் கார்க்காரர்கள் மனம் மாறுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு, யாரும் மாறாவிட்டாலும் கூட அவருக்குத் தினம் நாற்பது நிமிடம் திரும்பக் கிடைத்தால் அதுவே போதுமான காரணம் என்பேன்.

என் கதைக்கு வருகிறேன். பைக்குக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை எங்கே பிடிக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ரயிலை வேகமாக்கினால் இரண்டு மூன்று நிமிடம், அதற்குச் சிக்னலிலிருந்து தண்டவாளம் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு, பீக் ஹவரில் ஆறு நிமிடத்துக்கு ஒரு சிறிய பஸ், வழியில் நிற்கும் வண்டிகளை எடுத்துவிட்டு ஒழுங்காக ஓடினால், என் 18 நிமிடம் 10 ஆகிவிடும். நுங்கம்பாக்கத்தில் கடக்க முடியாத அந்த ஒரு ரோட்டுக்குச் சிக்னல் போட்டு, நடைபாதையைக் காலி செய்தால் இன்னும் மூன்று நிமிடம். மொத்தம் 11. அப்புறம் பைக்கில் போகிற என் சக ஊழியர்கள் இரண்டு பேரை ரயிலுக்கு அழைத்து வந்துவிடுவேன், அவர்களும் தாம்பரம் பக்கம்தான்.